தன் பெயரே வேடமானால்

நாடக மேடையில் ஏறும் நடிகன் தன் சொந்தப் பெயரை ஒப்பனை அறையிலே கழற்றி வைத்துவிட்டே வெளியே வருகிறான் என்பது பொதுவான எண்ணம். இராவணனாக வருபவன் அன்றிரவு முழுவதும் இராவணன். திரை விழுந்து, முகத்து அரிதாரத்தைத் துடைத்த பின்னர் அவன் மீண்டும் ஊரவன், உறவினன், ஒரு வீட்டுத் தலைவன். ஆளும் வேடமும் இவ்வாறு வேறு வேறாக நிற்பதனாலேயே, முதல்நாள் இரவு சீதையைத் தூக்கிச் சென்றவன் மறுநாட் காலையிற் சந்தைக்கு வந்தால் எவரும் அவன்மீது கல்லெறிவதில்லை.

சில வேளைகளில் வேடம் ஆளை விட்டு இறங்க மறுப்பதும் உண்டு. தமிழகத்திலே வி. சி. கணேசன் என்னும் இளைஞர், அண்ணாத்துரை எழுதிய நாடகமொன்றில் மராட்டிய வீரன் சிவாஜியாகத் தோன்றினார். அந்நடிப்பைக் கண்டு மெச்சிய பெரியார் ஈ. வெ. ராமசாமி அவரைச் சிவாஜி என அழைத்தார். ஓர் இரவின் வேடம் ஆயுட்காலப் பெயராயிற்று. நமது நாட்டிலும் அத்தகைய கதை உண்டு. 1970 களில் இலங்கை வானொலியின் நகைச்சுவை நாடகமாகிய "கோமாளிகள் கும்மாளம்" வீடுதோறும் கேட்கப்பட்டது. 1976 இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதிலே நடித்தவர்கள் பின்னாளில் மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே அறியப்பட்டனர். வேடத்தின் பெயர் முன்னே வர, தாய் தந்தையர் இட்ட பெயர் அதற்குப் பின்னே நின்றது.

இவை வேடத்தின் பெயர் ஆளுக்கு வந்த கதைகள். ஆளின் பெயர் வேடத்துக்குப் போனால் என்ன நிகழும்? ஒருவர் தம் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே, தாம் அல்லாத ஒருவராகப் பல ஆண்டுகள் நடித்தால், அவருக்கும் அவர் வீட்டாருக்கும் என்ன நேரும்? இதற்கு விடை தேடுவோர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க வானொலியும் தொலைக்காட்சியும் இருந்த நிலையை நோக்க வேண்டும். அங்கே நடிகர் பலர் தம் பெயருடனேயே வாரந்தோறும் மக்களின் வீட்டுக்குள் வந்து போயினர். அவர்களுள் மூன்று குடும்பங்களை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

கஞ்சன் வேடத்தில் ஒரு வள்ளல்

முதலாமவர் ஜாக் பெனி. 1894 ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் பிறந்து, வோக்கீகன் என்னும் ஊரில் வளர்ந்தவர். பெற்றார் இட்ட பெயர் பெஞ்சமின் குபெல்ஸ்கி. சிறு வயதிலேயே வயலின் பழகி, அதைக் கையிலேந்தியே மேடைக்கு வந்தார். அக்காலத்து வயலின் மேதை யான் குபெலிக்கின் பெயரோடு இப்பெயர் ஒத்திருக்கிறதென்று ஆட்சேபம் எழவே, பெயரை மாற்றினார். மாற்றிய பெயரோ பென் பெர்னி என்ற இன்னொரு கலைஞரின் பெயரை ஒத்திருக்கிறதென்று மறுபடியும் ஆட்சேபம் வந்தது. இரண்டாம் முறை மாற்றியபோது கிடைத்ததே ஜாக் பெனி என்னும் பெயர்.

1932 இல் அவர் வானொலிக்கு வந்தார். அவருடைய நிகழ்ச்சி வானொலியில் 1955 வரையும், தொலைக்காட்சியில் 1950 முதல் 1965 வரையும் நடந்தது. நிகழ்ச்சியில் வரும் ஆளின் பெயரும் ஜாக் பெனி. தொழிலும் வானொலி நகைச்சுவையாளன் தொழிலே. ஆனால் அந்த ஜாக் பெனி பெருங் கஞ்சன். வீட்டின் அடியிலே நிலவறை கட்டிக் காவலாளனை நிறுத்திப் பணத்தைப் பூட்டி வைத்திருப்பவன். உற்பத்தி நின்றுபோன பழைய மக்ஸ்வெல் மோட்டார் வண்டியை விட மனமின்றி இருமி இருமி ஓட்டுபவன். வயலினைத் தொட்டால் கேட்பவர் காதைப் பொத்துவர். ஆண்டுகள் எத்தனை போனாலும் தன் வயது 39 என்றே சாதிப்பவன்.

1948 இல் ஒலிபரப்பான ஒரு காட்சி இன்றும் பேசப்படுகிறது. இருட்டிலே வழிமறித்த கள்வன் ஒருவன், பணமா உயிரா என்று ஜாக் பெனியைக் கேட்கிறான். பதில் வரவில்லை. மௌனம் நீள்கிறது. கேட்டிருந்தவர்களின் சிரிப்பு வளர்ந்துகொண்டே போகிறது. பொறுமையிழந்த கள்வன் மீண்டும் அதட்டியபோது, தாம் யோசித்துக்கொண்டிருப்பதாக ஜாக் பெனி சீறுகிறார். ஒரு சொல்லும் பேசாமல் ஒரு மனிதன் சபையைச் சிரிக்க வைக்க முடிந்ததென்றால், அவனுடைய கஞ்சத்தனத்தை அச்சபை எத்தனை ஆண்டுகளாக அறிந்திருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

உண்மையில் ஜாக் பெனி கைநீண்ட கொடையாளி. தம்முடன் நடித்தவர்களுக்கு நல்ல ஊதியம் கொடுத்தவர். அந்நிகழ்ச்சியிலே பெருஞ் சிரிப்பைப் பெறும் வசனங்கள் பெரும்பாலும் மற்றவர்களுக்கே கிடைக்கும். அடி வாங்கும் இடம் மாத்திரம் அவருடையது. உணவகங்களிலே பரிசாரகருக்குச் "சந்தோஷம்" கொடுக்கும்போது, தம் பெயருக்கு இருந்த கெட்ட புகழ் காரணமாகவே மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1950 களின் நடுப்பகுதி முதல் பெரிய இசைக்குழுக்களுடன் சேர்ந்து, தாம் கேலிக்கு ஆளாக்கிய அதே வயலினை வாசித்து, இசைக் கலைஞர்களின் நலனுக்காகப் பல இலட்சம் டொலர் திரட்டிக் கொடுத்தார்.

1961 இல் வோக்கீகன் ஊரவர் ஒரு பாடசாலைக்கு அவர் பெயரைச் சூட்டினர். அப்பாடசாலையின் விளையாட்டு அணியினருக்கு "39 காரர்" என்று பெயர். வேடத்தின் பொய் வயது பிள்ளைகளின் சட்டையில் ஏறியது. தம் பெயரால் ஒரு பாடசாலை அமைவதைவிடக் கலைஞர் ஒருவருக்கு வேறு என்ன பேறு வேண்டும்?

அவர் மனைவியின் கதை இன்னும் வியப்பானது. இயற்பெயர் சேடி மார்க்ஸ். நிகழ்ச்சியிலே மேரி லிவிங்ஸ்டன் என்ற இரசிகைப் பெண்ணாக வந்தார். அங்கே அவர் ஜாக் பெனியின் மனைவி அல்லர். அவரை வாய்க்கு வாய் மட்டந்தட்டும் தோழி மட்டுமே. பின்னாளில் சேடி தம் பெயரைச் சட்டப்படியே மேரி லிவிங்ஸ்டன் என மாற்றிக்கொண்டார். கணவரின் பெயர் வேடத்துக்குப் போயிற்று; மனைவிக்கோ வேடத்தின் பெயர் வந்து சேர்ந்தது. 1974 டிசம்பரில் ஜாக் பெனி காலமானார். அதன்பின் நாள்தோறும் ஒரு ரோஜா மலர் அவர் மனைவியின் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. தம் மனைவி உயிரோடிருக்கும்வரை ஒவ்வொரு நாளும் ஒரு மலர் சேர வேண்டுமென்று உலகப் பெருங் கஞ்சன் ஏற்பாடு செய்துவைத்துப் போயிருந்தார்.

மாதிரிக் குடும்பம்

இரண்டாவது நெல்சன் குடும்பம். தந்தை ஒஸி நெல்சன் இசைக்குழுத் தலைவர். தாய் ஹரியட் பாடகி. 1944 இல் தங்கள் பெயரிலேயே வானொலிக் குடும்ப நாடகம் ஒன்றைத் தொடங்கினர். டேவிட், ரிக்கி என்னும் இரு புதல்வர்களும் அப்போது சிறுவர். ஆகவே அவர்களுடைய பாகங்களை வேறு பிள்ளைகள் பேசினர். தம் பெயரிலே பிறர் பேசுவதைத் தம் வீட்டிலிருந்தே கேட்டு வளர்ந்த சிறுவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? 1949 இல் அவ்விருவரும் தாங்களே தங்கள் பாகங்களை ஏற்றனர். 1952 முதல் 1966 வரை தொலைக்காட்சியில் 435 தொடர்கள் வெளியாயின.

அந்நாடகத்து வீடு, அவர்களுடைய உண்மையான ஹொலிவுட் வீட்டைப் பார்த்து அமைக்கப்பட்டது. காலையில் உண்மையான வீட்டில் உணவருந்தி, பின்பு படப்பிடிப்புக் கூடத்தில் அதே அமைப்புள்ள மற்றொரு வீட்டில் மீண்டும் பெற்றாரும் பிள்ளைகளுமாக உட்கார்ந்தனர். நாடகத்து ஒஸி எந்நேரமும் வீட்டிலிருப்பவர். அவருடைய தொழில் என்னவென்பதே பார்ப்போருக்குத் தெளிவாகத் தெரியாது. உண்மையான ஒஸியோ கதை எழுதுதல், நெறிப்படுத்தல், தயாரித்தல் ஆகிய யாவற்றையும் தம் தலைமேற் போட்டுக்கொண்டு இரவு பகலாக உழைத்தவர். தந்தை எழுதிய வசனங்களையே மக்கள் தங்கள் பெயரிற் பேசினர். மணமானபோது டேவிட்டின் மனைவியும் ரிக்கியின் மனைவியும் அவ்வாறே நாடகத்துக்குள் வந்து, மருமகள்மாராகவே நடித்தனர்.

அமெரிக்க மக்கள் அக்குடும்பத்தை மாதிரிக் குடும்பமாகக் கொண்டாடினர். அங்கே பெருங் கோபம் இல்லை. தீராத துயரம் இல்லை. எழுந்த சிக்கல் எதுவும் அரை மணி நேரத்துள் தீர்ந்துவிடும். ஒஸி தம்பதியர் பொய் வாழ்வு வாழ்ந்தவர்கள் அல்லர். 1975 இல் ஒஸி இறக்கும்வரை அவர்களின் இல்லறம் குலையாமலே இருந்தது. பிள்ளைகளிடம் அன்பு இல்லாதவர்கள் என்று சொல்லவும் எவருக்கும் துணிவு வராது. எனினும் மூத்த மகன் டேவிட் பிற்காலத்தில் ஒரு செய்தியைச் சொன்னார். வீட்டிலே பெரும் பூசல் நடந்துகொண்டிருக்கும். வெளியார் ஒருவர் உள்ளே நுழைந்தாற் போதும், படப்பிடிப்புத் தொடங்கிவிட்டது போல எல்லாரும் குறையொன்றுமில்லாத குடும்பமாக மாறிவிடுவார்களாம்.

இளையவர் ரிக்கி, 1957 இல் அந்நாடகத்திலேயே பாடத் தொடங்கி, நாடறிந்த பாடகரானார். 1971 இல் நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கிலே, வளர்ந்த மனிதராக, நீண்ட தலைமுடியோடு புதிய பாடல்களைப் பாட முற்பட்டபோது சபையிலிருந்து கூச்சல் எழுந்தது. பழைய ரிக்கியைப் பார்க்க வந்தவர்களுக்கு 31 வயதான ரிக்கி அந்நியராகத் தோன்றினார். அந்த வருத்தத்தையே அடுத்த ஆண்டு ஒரு பாடலாக்கினார். அப்பாடல் வெற்றியும் பெற்றது. ஆனால் நாடகத்துக்குள் மருமகள்மார் வந்த இரு திருமணங்களும் நிலைக்கவில்லை. டேவிட்டின் மணவாழ்வு 1975 இலும், ரிக்கியின் மணவாழ்வு 1982 இலும் முறிந்தன. 1985 ஆம் ஆண்டின் கடைசி நாளில் டெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் ரிக்கி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 45.

ஒரு பிறப்பும் ஒரு பிரிவும்

மூன்றாவது, லூசில் போல், டெசி ஆர்னாஸ் தம்பதியர். 1951 இல் தொடங்கிய அவர்களின் நாடகத்திலே மனைவிக்குப் பெயர் லூசி ரிக்கார்டோ. கணவனுக்குப் பெயர் ரிக்கி ரிக்கார்டோ. மனைவியின் முற்பெயர் உண்மை, மற்றவை கற்பனை. ஆயினும் உண்மையான டெசியைப் போலவே நாடகக் கணவனும் கியூபாவிலிருந்து வந்த இசைக்குழுத் தலைவன். லூசி விளையாட்டுப் புத்திக்காரி. ஏதாவது சூழ்ச்சி செய்து அதில் தானே அகப்பட்டு விழிப்பவள்.

லூசில் மீண்டும் கருவுற்றபோது நாடகத்து லூசியும் கருவுற்றாள். கர்ப்பத்தைக் குறிக்கும் நேரடிச் சொல்லைக்கூட அக்காலத் தொலைக்காட்சி அனுமதிக்கவில்லை. சுற்றி வளைத்தே பேசினர். 1953 ஜனவரி 19 ஆம் திகதி காலையில் லூசிலுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் ஆண் குழந்தை பிறந்தது. முன்கூட்டியே படமாக்கப்பட்ட தொடரில் அன்றிரவு லூசி ரிக்கார்டோவும் ஆண் குழந்தைக்குத் தாயானாள். அதைக் கண்டவர் தொகை சுமார் 4 கோடி 40 இலட்சம் எனக் கணக்கிடப்பட்டது. ஒரு நாடு முழுவதும் கூடி ஒரு குழந்தையை வரவேற்றது போலிருந்தது.

ஏழு ஆண்டுகள் சென்றன. 1960 மார்ச் 2 ஆம் திகதி அத்தம்பதியரின் கடைசிப் படப்பிடிப்பு முடிந்தது. மறுநாள் லூசில் விவாகரத்துக் கோரி நீதிமன்றம் சென்றார். ஏப்ரல் முதலாந் திகதி அக்கடைசித் தொடர் ஒளிபரப்பானது. பிரிவுச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்துவிட்ட மக்கள், ஒன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த லூசியையும் ரிக்கியையும் அன்றிரவு பார்த்தனர்.

எந்த வேடம் பாரமானது?

இம்மூன்று கதைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒன்று புலப்படும். ஜாக் பெனி தம் பெயரை ஒரு குறைக்குக் கடனாகக் கொடுத்தார். நெல்சன் குடும்பத்தார் தம் பெயரை ஒரு நிறைவுக்குக் கடனாகக் கொடுத்தனர். முதலாவது கடன் வட்டியோடு திரும்பி வந்தது. இரண்டாவதற்குக் கடன் கொடுத்தவர்களே வட்டி கட்ட நேர்ந்தது. லூசிலின் கதை இவ்விரண்டுக்கும் இடையிலுள்ளது. லூசியின் விளையாட்டுப் புத்தி லூசில் போலுக்கு எவ்விதத் தீங்கும் செய்யவில்லை. அதே நாடகத்தின் இனிய இல்லறந்தான் உண்மை இல்லறத்தின் வேதனையைப் பன்மடங்காக்கிக் காட்டியது.

இதன் காரணத்தை அறிவது கடினமன்று. கஞ்சனென்று பேரெடுத்தவன் ஒரு ரூபாவை ஈந்தாலும் காண்பவர் வியந்து மகிழ்வர். அவன் வாழ்விலே ஒவ்வொரு நாளும் வேடத்தினும் உயரமாக நிற்க வாய்ப்புண்டு. குறையே இல்லாதவன் என்று பேரெடுத்தவனோ, மற்ற மனிதரைப்போல ஒரு நாள் முகஞ் சுளித்தாலும் பிடிபட்ட கள்வனாகிவிடுகிறான். அவனுக்கு எட்டாத உயரத்தில் அவன் பெயரே தொங்கிக்கொண்டிருக்கிறது.

வேறொரு வேற்றுமையும் உண்டு. ஜாக் பெனி தம் வேடத்தைத் தாமே தேர்ந்தார். தேரும்போது அவர் வளர்ந்த மனிதர். அவருக்கு மாலையில் கழற்றி வைக்கத் தெரிந்திருந்தது. ரிக்கி நெல்சனுக்கோ தம் பெயர் வேடமாக அமைந்தபோது வயது நான்கு. தாம் யாரென்று தாமே அறியும் முன்னர், அவர் யாரென்று நாடு முழுவதும் அறிந்துவிட்டது.

நமது முன் விறாந்தை

இவையெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்தவை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். தொலைக்காட்சியில் தோன்றாத பிள்ளைகளும் தம் பெயரில் நடிப்பதுண்டு என்பதே நமது கருத்து. நம் வீடுகளுக்கு விருந்தினர் வருகிறார்கள். முன் விறாந்தையில் தேநீர் வைக்கப்படுகிறது. பிள்ளை அழைக்கப்படுகிறான். "இவன்தான் வகுப்பில் முதலாம் பிள்ளை, டொக்டராக வருவான், ஒரு சொல்லுக்கு மறுசொல் பேசமாட்டான்" என்று தாய் பெருமையோடு சொல்கிறாள். அதிலே பொய் இல்லை, அன்பும் உண்டு. ஆனால் அந்தக் கணத்தில் பிள்ளையின் கையில் ஒரு வசனத் தாள் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அதிலே வரும் பாத்திரத்தின் பெயர் அவனுடைய பெயரே.

புலமைப்பரிசிற் பரீட்சையிலே சித்தியடைந்தபோது தொடங்கிய அப்பாத்திரத்தை உயர்தரப் பரீட்சைவரை அவன் சுமக்க வேண்டும். இடையில் ஒரு தவணையிலே புள்ளி குறைந்தாற்கூட, பாடம் விளங்கவில்லை என்று ஆசிரியரிடம் வந்து சொல்ல அவனால் முடிவதில்லை. விளங்கவில்லை என்பது அவனுடைய பாகத்தில் எழுதப்பட்ட வசனம் அன்று. சாதாரண மாணவன் கையுயர்த்திக் கேள்வி கேட்டுத் தெளிந்துவிடுகிறான்; "முதலாம் பிள்ளை" விளங்கியவன்போலத் தலையசைத்துவிட்டு, இரவில் தனியே விழித்திருக்கிறான். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இத்தகைய பிள்ளையை எந்த வகுப்பிலும் இனங்காண்பர்.

இக்காலத்திலே முன் விறாந்தை மிகவும் அகன்றுவிட்டது. கைத்தொலைபேசி ஒன்று போதும். பிள்ளை பாடுவதும் ஆடுவதும் பரிசு பெறுவதும் அன்றைக்கே உறவினர் வாழும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விடுகின்றன. பிறந்தநாள் முதல் பட்டமளிப்பு வரை எல்லாம் புன்னகைப் படங்களே. ஒஸி நெல்சன் பெரும் படப்பிடிப்புக் கூடத்தை வைத்துச் செய்ததை, அவரைப்போலவே பிள்ளைகள்மீது அன்புள்ள பெற்றார், இன்று உள்ளங்கையில் வைத்துச் செய்கிறார்கள். பார்ப்போர் தொகை சிறிது. பிள்ளையின் தோளில் ஏறும் பாரம் அதே பாரந்தான்.

பிள்ளைகளைப் பாராட்டவே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பாராட்டுச் செயலுக்கு உரியதாயின் அச்செயலோடு முடிந்துவிடும்; ஆளுக்கு உரியதாயின் அது அவன்மேல் ஒட்டிக்கொள்ளும். "இந்தக் கணக்கை நன்றாகச் செய்திருக்கிறாய்" என்பது ஒரு நாளின் மகிழ்ச்சி. "நீ தவறே விடாத பிள்ளை" என்பது ஆயுட்காலப் பாத்திரம். வீட்டிலே தந்தையும் தாயும் தத்தம் சிறு குறைகளைத் தாமே சொல்லிச் சிரிக்கும் வழக்கம் இருந்தால், பிள்ளையும் தன் குறையை மறைக்காமல் எடுத்து வைப்பான். கணக்கிலே தாம் வாங்கிய குறைந்த புள்ளியை ஒரு தந்தை இராச்சாப்பாட்டு வேளையில் நகைத்துச் சொன்னால், மறுநாள் மகனின் புள்ளிப் பத்திரம் புத்தகப்பைக்குள் ஒளியவேண்டிய அவசியம் இராது.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பெயரிலே பிறர் எழுதித் தந்த பாகம் ஏதேனும் உங்கள் கையில் இருக்குமாயின், அதை எழுதியவர்கள்மீது சினங்கொள்ள வேண்டாம். அவர்கள் அன்பினாலேயே எழுதினார்கள். எனினும் விளங்காத பாடத்தை விளங்கவில்லை என்று சொல்லும் உரிமை உங்களுடையது. நாளைக் காலை முதலாம் பாடத்திலேயே கையை உயர்த்திக் கேளுங்கள்.